பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம்

இளம்பரிதி வீட்டுக் கூடத்தில் நிற்கும் அந்த இரண்டையும் முதல்முறை பார்க்கிற எவரும் ஸ்பீக்கர் என்று சொன்னதில்லை. மாமியார், "துணி வைக்கிற பீரோவா மாப்ள, ரொம்ப ஒடுக்கமா இருக்கே?" என்று கேட்டார். எதிர்வீட்டு இராஜாங்கம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல கதவு எந்தப் பக்கம் சார்?" என்றார். இடுப்புக்கு மேல் உயரம், ஆளுக்கு முப்பது கிலோ எடை, தேக்கு நிறத்தில் உடம்பு. தரையில் நின்றபடி பாடுகிற ஜாதி. அலமாரியில் தூக்கி வைக்கிற சின்னப் பெட்டிகளை, இவை வந்த நாளிலிருந்து இளம்பரிதி மதிப்பதே இல்லை.

அவனுக்கு வயது நாற்பத்தைந்து. தஞ்சாவூரில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் நடத்துகிறான். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். சின்ன வயதில் அவனுக்குப் பாட்டு என்பது ஊர்த்தெருக் கல்யாணத்துக்குத் தென்னை மரத்தில் கட்டுகிற குழாய் ரேடியோதான். அது இவர்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் காற்று பாதியைத் தின்றுவிடும். பல்லவி வந்தால் சரணம் வராது. ஒரு பாட்டை முழுசாக, யாரும் கூப்பிடாமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட வேண்டும் என்கிற வெறி அவனுக்கு அங்கே பிடித்ததுதான். மற்றவர்களுக்கு வீடு, நிலம் என்று ஆசை இருக்கும். இவனுக்கு இது.

ஸ்பீக்கர் வந்தது அதிராம்பட்டினம் ஹாஜா மைதீன் வீட்டிலிருந்து. இருபது வருஷம் மலேசியாவில் கடை வைத்திருந்தவர். ஊர் திரும்பும்போது எல்லாரும் கம்பளியும் தைலமும் கொண்டுவந்தார்கள் என்றால் அவர் இந்த ஜோடியைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். இப்போது காது மந்தமாகிவிட்டது. "கேக்காதவன் வூட்ல இது நிக்கக்கூடாது தம்பி, எடுத்துட்டுப் போங்க" என்று ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், ஒரு பெட்டி நிறைய நாதஸ்வர சிடி எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சுவத்த விட்டு மூணு அடி தள்ளி நிறுத்துங்க. மூச்சு விட எடம் வேணும் அதுக்கு. ஒட்டி வச்சீங்கன்னா கீழ்ச்சத்தம் வீங்கிப் போயி சுவத்துக்குள்ள பூந்துரும்."

கரந்தையில் இளம்பரிதி வீட்டுக் கூடத்தின் அகலம் ஒன்பது அடி. அதைக் கேட்டதும் மனைவி இசைவாணி சிரித்தாள். "மூணு அடி தள்ளி வச்சா நாம எங்க நடக்கிறது? அது மேல ஏறியா?" ஆகவே ஒரு கை நுழைகிற இடைவெளி மட்டும் விட்டு, இரண்டையும் இடதுபக்கச் சுவரோரமாக நிறுத்தினான். தரை மொசைக் கீறாமலிருக்க, அடியிலிருந்த கூர் ஆணிகளுக்குக் கீழே பத்து ரூபாய்க் காசு எட்டு. அந்தச் சுவர் பொதுச்சுவர். அந்தப் பக்கம் கண்ணுசாமியின் சமையல்கட்டு.

கண்ணுசாமி பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திநாலு வருஷம் வெண்ணாற்று மதகுகளில் ஷட்டரை ஏற்றி இறக்கிய கை அவருடையது. வேனிலிருந்து ஸ்பீக்கரை இறக்கும்போது ஒரு பக்கம் பிடித்தவர் அவர்தான். முதல் ஞாயிறு சிடி ஓடியபோது, அவர் எழுந்து போய் ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் உள்ள ஓட்டையில் உள்ளங்கையை வைத்தார். தவிலின் தொப்பிப் பக்கத்துக் கனத்த அடி விழும்போதெல்லாம் அந்த ஓட்டையிலிருந்து காற்று உந்தி வரும்.

"ஷட்டர ஒரு சுத்து தூக்குனா தண்ணி இப்படித்தான் தம்பி தள்ளும்" என்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கையைப் பின்னால் விட்டுக்கொண்டு உட்காருவார். பாட்டு முடிகிறவரை வாய் திறக்க மாட்டார். இளம்பரிதிக்குத் தெரிந்தவரை, ஒரு பாட்டை முழுசாகக் கேட்கத் தெரிந்த இன்னொரு மனுஷன் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

கண்ணுசாமியின் மனைவி தங்கம்மாள் ஒருநாள் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றபடி, "உங்க தவில்காரரு என் சமையக்கட்டுக்கும் வந்துட்டுப் போறாரு தம்பி" என்றாள். இளம்பரிதி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். என்ன சொல்கிறாள் என்று எட்டிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

மற்றவர்கள் விஷயம்தான் தொல்லை. ஞாயிறு என்றால் யாராவது வந்துவிடுவார்கள். திருவிழா வரி கேட்டு நாலு பேர், பத்திரிகை வைக்க இரண்டு பேர், பையனுக்கு அட்டெண்டன்ஸ் குறைகிறது சார் என்று ஒருவர். நம் பக்கத்தில் கேட் திறந்திருந்தால் மணியடிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது, நேராகக் கூடத்துக்கு வந்து ஸ்பீக்கர் மேல் சொம்பை வைத்துவிடுவார்கள். இளம்பரிதி ஒரு வழி கண்டுபிடித்தான். கேட் கம்பிக்குள் கையை விட்டு, வெளிப்பக்கமாகப் பூட்டைத் தொங்கவிட்டு அழுத்திவிடுவான். செருப்பை உள்ளே எடுத்துக்கொள்வான். கார் எப்போதும் தெருமுனை வேப்பமரத்தடியில்தான் நிற்கும் என்பதால் அதை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. பார்க்கிறவனுக்கு வீடு பூட்டியிருக்கிறது, ஆள் இல்லை. வாத்தியார் செய்கிற வேலையா இது என்று இசைவாணி தலையில் அடித்துக்கொள்வாள். கண்ணுசாமி வருகிற நேரத்துக்கு மட்டும் பூட்டைத் திறந்து வைப்பான். அந்த நியாயம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனி மாதம், மேட்டூர் திறந்து வெண்ணாற்றில் தண்ணீர் வந்து சேர்ந்த வாரம். அந்த ஞாயிறு இராஜாங்கத்தின் பெண்ணுக்கு வல்லத்தில் கல்யாணம். தெருவே கிளம்பிப் போய்விட்டது. பேப்பர் திருத்த வேண்டும் என்று இசைவாணியை மட்டும் அனுப்பிவிட்டு இளம்பரிதி தங்கினான். பேப்பர் கட்டு மேஜையில் பிரிக்காமலேயே கிடந்தது. கண்ணுசாமியும் கல்யாணத்துக்குப் போயிருப்பார் என்றுதான் நினைத்தான். பூட்டைப் போட்டு, ஜன்னல்களைச் சாத்தி, மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் தவில் தனி ஆவர்த்தனத்தை வைத்தான். மொத்தம் பதினெட்டு நிமிடம் ஓடுகிற தனி அது. வீட்டில் ஆள் இருந்தால் முழு சத்தத்தில் வைக்க முடியாதது.

நடுவில் ஒருமுறை கேட் ஆடுகிற சத்தம் கேட்டது.

கேட்டது. அதில் சந்தேகமே இல்லை. பின்னால் எத்தனையோ நாள் அவன் தனக்குத்தானே, கேட்கவில்லை, தவில் சத்தத்தில் எப்படிக் கேட்கும் என்று வாதாடிப் பார்த்தான். வாதம் நிற்கவில்லை. இரும்பு இரும்பில் மோதுகிற சத்தம் தவிலில் வராது. வரி கேட்கிறவர்கள் கல்யாணத் தேதியில்கூட விடமாட்டார்களா என்று எரிச்சல் வந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. கையை நீட்டி சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டினான்.

சாயங்காலம் கையை வெளியே விட்டுப் பூட்டைத் திறந்தபோது, கேட்டின் கீழ்ப்படியில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் கிடந்தன. கல்யாணத்துக்கு ஓடியவர்கள் யாராவது உடைத்திருப்பார்கள் என்று நினைத்தான். அப்போது பட்டுச் சட்டையோடு இராஜாங்கம் வேகமாக வந்தார்.

"சார், சேதி தெரியுமா? கண்ணுசாமி அண்ணன் கொல்லையில விழுந்துட்டாரு. பக்கவாதமாம். பெரியாஸ்பத்திரியில கெடக்காரு. காலையிலயே தலை சுத்துதுன்னு கல்யாணத்துக்கு வராம இருந்திருக்காங்க. விழுந்தப்போ போனு தண்ணித் தொட்டிக்குள்ள போயிடுச்சு. தங்கம்மா அக்கா மொதல்ல உங்க கேட்டத்தான் வந்து தட்டியிருக்கு. பூட்டிக் கெடந்துச்சுன்னு சொல்லுது. அப்பறம் மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோ புடிச்சிருக்கு. நீங்க எங்க சார் போயிருந்தீங்க?"

இளம்பரிதியின் வாய் அவனைக் கேட்காமலேயே பதில் சொன்னது. "அதிராம்பட்டினம். ஹாஜா பாய் வீட்டுக்கு."

"அட, உங்களுக்கு இன்னைக்குப் பாத்துதானா அங்க வேலை வரணும்" என்று சொல்லிவிட்டு இராஜாங்கம் போனார். இளம்பரிதி உள்ளே போய் விளக்குமாறு எடுத்து வந்து வளையல் துண்டுகளைச் சாக்கடையில் தள்ளினான். இசைவாணி வந்ததும் அவளிடமும் அதே பொய்யைச் சொன்னான். சிங்க்கில் அவன் மத்தியானம் சாப்பிட்ட தட்டு கிடந்தது. அவள் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்திலேயே நின்றான். "ரத்தக் கட்டியக் கரைக்கிற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும்மா. காலையில தலை சுத்துனப்பவே நேரம் ஓட ஆரம்பிச்சிருச்சு. ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தாகூட போட்டிருப்போம்." தங்கம்மாள் தலையை ஆட்டினாள். அவள் இடது கையில் இரண்டு வளையல்தான் மிச்சமிருந்தது. இளம்பரிதியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கண்ணுசாமி பிழைத்தார். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார்.

அன்றிலிருந்து இளம்பரிதி ஆளே மாறிப்போனான். ஒருநாள் விட்டு ஒருநாள் கண்ணுசாமியைத் தூக்கிக் காரில் வைத்து பிசியோதெரபிக்குக் கொண்டுபோனான். மாத்திரை தீர்வதற்கு முன் வாங்கி வந்தான். வாசல்படியில் சக்கர நாற்காலி ஏறச் சரிவு கட்டிக் கொடுத்தான். தெரு அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. "கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் சார்" என்று இராஜாங்கம் டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார். இளம்பரிதி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். புகழ்ச்சியை எப்படித் தாங்குவது? செய்யச் செய்ய பாரம் குறையும் என்று நினைத்திருந்தான், ஏறிக்கொண்டுதான் போனது.

ஸ்பீக்கரை அவன் அதற்குப்பின் தொடவில்லை. பழைய போர்வையைப் போர்த்திவிட்டான். கூடத்தில் நடக்கும்போதெல்லாம் போர்த்திக்கொண்டு இரண்டு பேர் நிற்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொன்று அவனை உள்ளுக்குள் அரித்தது. காரிலிருந்து இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோகும்போதெல்லாம் கண்ணுசாமி இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பார். பிறகு அதே கையை நீட்டி இளம்பரிதியின் வீட்டைக் காட்டுவார். "ஆ... ஆ..." என்பார். கண் கலங்கும். தங்கம்மாள், "என்ன கேக்குறாருன்னு வெளங்கல தம்பி" என்பாள். இளம்பரிதிக்கு விளங்கியது. இவருக்குத் தெரிந்திருக்கிறது. கொல்லையில் விழுந்து கிடந்தபோது என் வீட்டுச் சத்தம் இவர் காதில் விழுந்திருக்கிறது. பேச முடிந்த மறுநிமிஷம் தெருவைக் கூட்டிச் சொல்லப் போகிறார். அதற்குப் பயந்தான். பேச்சுப் பயிற்சிக்கும் தானே காரோட்டிக்கொண்டு போகிறவன், அவருக்குப் பேச்சு வந்துவிடக்கூடாதே என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்த உடனே காரை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். இவ்வளவு கேவலமானவனா நான் என்று முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். பின்சீட்டில் கண்ணுசாமி, "ஆ?" என்றார்.

அந்த வாரமே ஹாஜா மைதீனுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரை எடுத்துப் போய்விடுங்கள் என்றான். ஏன் என்று அவர் கேட்டதற்கு இடமில்லை என்றான். இசைவாணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத அனுப்பிட்டா சரியாப் போயிடுமா?" என்றாள். அவளுக்கும் தெரியும் என்று அப்போது அவனுக்குப் புரிந்தது. அந்தத் தட்டைக் கழுவியபோதே தெரிந்திருக்க வேண்டும்.

புரட்டாசியில் ஒரு காலை, பட்டுக்கோட்டை ரோட்டில் பிடித்த ஒரு லோடு வேனோடு ஹாஜா மைதீன் வந்து இறங்கினார். அவருக்குத் தெரிந்த ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாராம். போர்வையை விலக்கியதும் கிழவருக்கு முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "சுவத்தோட ஒட்டியா வச்சிருந்தீங்க? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே தம்பி!"

"எடமில்ல பாய்."

"சரி, ஒரு தரம் ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேன். கோளாறு இருந்தா வாங்குறவருக்குப் பதில் சொல்லணும்ல." பிளேயருக்குள் பழைய சிடி அப்படியே இருந்தது. மந்தக் காதுக்காரர் வைக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தவில் தனி முதலிலிருந்து புறப்பட்டது.

வெளியே யாரோ கத்துவது கேட்டது. இளம்பரிதி ஓடினான். பக்கத்து வீட்டு வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த கண்ணுசாமி, இடது கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, நாற்காலியோடு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். "ஆ! ஆ!" வாயில் எச்சில் வழிந்தது. கை இளம்பரிதி வீட்டைக் காட்டியது. சரி, வந்துவிட்டது, எல்லார் முன்னாலும் ஆகட்டும் என்று இளம்பரிதிக்குத் தோன்றியது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவனும் ஹாஜா மைதீனும் நாற்காலியைத் தூக்கிக் கூடத்துக்குள் வைத்தார்கள். கண்ணுசாமி ஒருவரையும் பார்க்கவில்லை. நேராக ஸ்பீக்கரிடம் போய், உடம்பைச் சாய்த்து, இடது கையைப் பின்னால் விட்டு, ஓட்டையில் உள்ளங்கையை வைத்தார். தொப்பி விழுந்தது. காற்று கையில் பட்டது. கண்ணை மூடிக்கொண்டார். பாதி முகம் மட்டும் சிரித்தது.

இவ்வளவு நாளும் கேட்டது இதுதான். பாட்டு வையுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"எச்சி வடியுது பாருங்க, ஒரு துண்டு எடுத்தாங்க" என்றார் ஹாஜா மைதீன். இசைவாணி பள்ளிக்கூட வேலைக்குப் போயிருந்தாள். கண்ணுசாமியின் துண்டு பக்கத்து வீட்டில்தான் இருக்கும். இளம்பரிதி போனான். அந்த வீட்டுக் கூடத்தில் யாரும் இல்லை. சமையல்கட்டுக்குள் நுழைந்தான்.

தங்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். பொதுச்சுவரில் இரண்டு வரிசைப் பலகை. அதில் எவர்சில்வர் டம்ளர், கிண்ணம், வட்டில், டபரா எல்லாம் அடுக்கியிருந்தது. அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. தொப்பி விழ விழ டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக் கிலுகிலுவென்று சத்தம் போட்டன. ஒரு மூடி பலகை விளிம்புவரை நகர்ந்து வந்திருந்தது. மூன்று வருஷமாக ஸ்பீக்கர் வைத்திருக்கிறான் இளம்பரிதி. அது பாடும்போது சுவருக்கு இந்தப் பக்கம் அவன் நின்றது இதுதான் முதல்முறை.

அவன் வாயைத் திறப்பதற்குள் தங்கம்மாள் திரும்பாமலேயே பேசினாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் தம்பி ஆடுச்சு."

அவள் கண் டம்ளர்கள் மேலேயே இருந்தது.

"பூட்டு தொங்குச்சு. ஆனா நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அது தெரியாம இருந்திருந்தா நேரா மெயின் ரோட்டுக்கு ஓடியிருப்பேன். கார் இருக்கு, தம்பி இருக்காரு, எதுக்கு ஓடணும்னு கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப முடிஞ்சுரும், இப்ப முடிஞ்சுரும், முடிஞ்சா காது கேக்கும்னு நின்னேன். அது முடியவே இல்ல. நான் தட்டத் தட்ட சத்தம் கூடுச்சு."

"அக்கா..."

"யார்கிட்டயும் நான் பொய் சொல்லல. பூட்டியிருந்துச்சுன்னுதான் சொன்னேன். பூட்டித்தானே இருந்துச்சு? அவருகிட்டயும் சொல்லல. அவருக்கு உங்க மேல உசுரு. அது ஒண்ணுதான் மிச்சமிருக்கு, அதையும் எதுக்குப் புடுங்கணும்?" முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொட்டிய அனுப்பாதீங்க. அவருக்கு வேணும். எனக்கு ஆறல தம்பி. ஆறும்னும் தோணல. அது வேற."

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். இளம்பரிதிக்கு எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. விளிம்புக்கு வந்துவிட்ட மூடியைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

"தொடாதீங்க" என்றாள் தங்கம்மாள். "அது முடியறவரைக்கும் இங்கயே நில்லுங்க. நான் நின்னேன்ல."

அவள் துண்டோடு அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். இளம்பரிதி கையை இறக்கிக்கொண்டு நின்றான். அந்தத் தனி அவனுக்கு மனப்பாடம். முடிய இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.